முதலில் விசா, அப்புறம் ஓட்டல்

இந்திய பாஸ்போர்ட்டில் நான்கைந்து நாடுகளைச் சேர்த்து ஒரு சொகுசுப் பயணம் போவதென்றால், ஓட்டலையும் கப்பலையும் தேர்ந்தெடுக்கும் முன்பே விசாக்களின் வரிசையை முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். ஏரியைப் பார்த்த அறை, பால்கனி வைத்த கேபின், பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எல்லாவற்றுக்கும் பணம் கட்டிய பிறகுதான் விசா ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் தேதிகள் இறுகிவிடும். ரத்து செய்தால் பணம் திரும்பாது.

பணத்தால் எதை வாங்கலாம், எதை வாங்க முடியாது என்பது முதலில் தெளிவாக வேண்டும். சென்னையில் இருக்கும் விசா விண்ணப்ப மையங்களில் கூடுதல் கட்டணத்துக்கு பிரீமியம் லவுஞ்ச் கிடைக்கும். தனி கவுண்டர், உட்கார சோபா, காகிதங்களை அடுக்கித் தர ஓர் ஊழியர், முடிந்ததும் பாஸ்போர்ட் வீட்டுக்கே கூரியரில். வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம், அது உண்மை. ஆனால் அந்த மையம் ஒரு தபால் பெட்டி மாதிரிதான். முடிவெடுப்பது தூதரகம். ஷெங்கன் விண்ணப்பத்தில் லவுஞ்சுக்குக் கட்டிய பணத்தால் முடிவு ஒரு நாள்கூட முன்னால் வராது.

பிரிட்டனோ வேகத்தையே விற்கிறது. பிரையாரிட்டி என்றால் 500 பவுண்ட், ஐந்து வேலை நாளில் முடிவு. சூப்பர் பிரையாரிட்டி என்றால் 1,000 பவுண்ட், அடுத்த வேலை நாளிலேயே முடிவு. (விசா கட்டணம் இதில் சேராது, அது தனி.) முடிவு சீக்கிரம் வரும் என்பதற்குத்தான் அந்தப் பணம். சாதகமாக வரும் என்பதற்கு அல்ல.

ஆடம்பரப் பயணத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. பயணச் செலவு ஏற ஏற, வருமானக் கணக்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். தொழில் செய்யும் பலருக்குச் சொத்து இருக்கும், கையில் பணப் புழக்கம் இருக்கும், ஐ.டி. ரிட்டர்னில் மட்டும் சின்னத் தொகை இருக்கும். ஓர் இரவுக்கு எழுபதாயிரம் ரூபாய் ஓட்டலை புக் செய்துவிட்டு, ஆண்டு வருமானம் ஆறு லட்சம் என்று காட்டும் விண்ணப்பம் அதிகாரியின் கையில் இடறும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் திடீரென்று வந்து விழும் பெரிய தொகையும் அப்படித்தான். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கக் கடிதத்தில் நேராகச் சொல்லி, நிலம் விற்ற பத்திரம், முதிர்ந்த டெபாசிட் ரசீது என்று ஆதாரம் வைப்பதுதான் சரியான வழி. வேறு குறுக்கு வழி எதுவும் நல்லதல்ல.

இன்னொரு எளிய உண்மையையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பாஸ்போர்ட் ஒன்றுதான். ஒரு தூதரகத்தில் அது இருக்கும்போது அடுத்த தூதரகத்துக்குப் போக முடியாது. மூன்று ஸ்டிக்கர் விசா தேவைப்படும் பயணத்துக்கு நான்கைந்து மாதம் ஒதுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நேர்காணல் உள்ள விசா முதலில், ஷெங்கன் அடுத்து, பிரிட்டன் அதற்கு அடுத்து, இணையத்தில் முடிகிற இ-விசாக்கள் கடைசியில் என்று வைத்துக்கொள்வது பொதுவாக உதவும். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கும் வசதியை பிரிட்டன் தனிக் கட்டணத்துக்குத் தருகிறது. நாள் நெருக்கும்போது அந்தச் செலவு வீண் அல்ல.

இனி ஷெங்கன். சொகுசுப் பயணத் திட்டங்களில் பாதி இதன் மேல்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும்.

லக்சம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்று ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14-ல் அங்கே ஆற்றில் நின்ற 'பிரின்சஸ் மரி-ஆஸ்ட்ரிட்' என்ற கப்பலில், தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை விலக்கும் ஒப்பந்தத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. இன்று அந்த ஏற்பாட்டில் 29 நாடுகள். குரோஷியா 2023 ஜனவரியில் சேர்ந்தது. பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் 2025 ஜனவரி முதல் தரை எல்லைகளும் திறந்துவிட்டன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து யூனியனில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பழைய கைடு புத்தகத்தை நம்பினால் இந்த இடத்தில்தான் வழி தவறும்.

எந்த நாட்டில் விண்ணப்பிப்பது? அதிக இரவுகள் தங்கும் நாட்டில். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். பாரிஸில் மூன்று இரவு, சுவிஸில் நான்கு, இத்தாலியில் ஐந்து என்றால் இத்தாலிதான். எங்கே அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிட்டு, பிறகு வேறு நாட்டில் போய்த் தங்கும் பழக்கம் சில டிராவல் ஏஜென்ட்டுகளிடம் இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்தில் அந்தப் பழைய பயணத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது பதில் சொல்ல வேண்டியது ஏஜென்ட் அல்ல, பாஸ்போர்ட்டின் சொந்தக்காரர்.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சந்தேகம் வந்தால் 45 வரை நீளும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வாங்கியதாக, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுவதாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். கைரேகை ஒரு தடவை கொடுத்தால் 59 மாதம் வரை மறுபடி பயன்படுத்துவார்கள்.

விசா கைக்கு வந்ததும் பலர் பெயரையும் போட்டோவையும் பார்த்துவிட்டுப் பையில் வைத்துவிடுகிறார்கள். ஸ்டிக்கரை வரி வரியாகப் படிக்க வேண்டும். இரண்டு தேதிகள் இருக்கும்: எப்போதிலிருந்து, எப்போது வரை. அவற்றுக்குக் கீழே எத்தனை நாள் தங்கலாம் என்று தனியாக ஓர் எண். இரண்டும் ஒன்றல்ல. தேதிகளுக்கு இடையே 27 நாள் இருக்கும், தங்கும் நாள் 12 என்று இருக்கும். கூடுதலாகத் தெரியும் அந்த 15 நாள், பயணத் தேதி சற்றுத் தள்ளிப்போனால் உதவுவதற்குத்தான். அத்தனை நாளும் தங்கலாம் என்று பொருள் இல்லை. பக்கத்திலேயே நுழைவு எண்ணிக்கை: 01, 02, அல்லது பல தடவை என்பதைக் குறிக்கும் 'மல்ட்'. கப்பல் பயணம் போகிறவருக்கு இந்தக் கட்டம்தான் உயிர்நாடி.

ரோமுக்கு அருகே சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறி, சாண்டோரினி பார்த்து, துருக்கியின் குசாதாசியில் இறங்கி எபேசஸ் போய்விட்டு, ஏதென்ஸ் துறைமுகத்தில் முடியும் ஒரு கப்பலை எடுத்துக்கொள்ளலாம். குசாதாசியில் ஷெங்கனை விட்டு வெளியே வந்தாயிற்று. ஏதென்ஸில் நுழைவது இரண்டாவது நுழைவு. 01 போட்ட விசாவோடு வருபவரைக் கப்பல் கம்பெனி ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடும். எவ்வளவு பெரிய சூட் எடுத்திருந்தாலும் அதே விதி, பணமும் திரும்பாது. மான்டிநீக்ரோவின் கோட்டோர் வழியாகப் போகும் கப்பலிலும் இதேதான். (செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் மான்டிநீக்ரோ தன் பங்குக்குத் தனி விசா கேட்பதில்லை. துருக்கிக்கு இ-விசா போதும். சிக்கல் அங்கே நுழைவதில் இல்லை, திரும்பி ஷெங்கனுக்குள் வருவதில்.) விண்ணப்பிக்கும்போதே பல நுழைவு வேண்டும் என்று கேட்டு, கப்பலின் துறைமுகப் பட்டியலை உடன் வைக்க வேண்டும்.

வடக்கே போகிறவர்களுக்கு இன்னும் நுணுக்கமான சங்கதி. பனிக்கரடி பார்க்கும் கப்பல்கள் புறப்படும் ஸ்வால்பார்டு, நார்வேயின் ஆட்சியில் இருந்தும் ஷெங்கனுக்கு வெளியே. அங்கே தங்க யாருக்கும் விசா வேண்டாம். ஆனால் பெரும்பாலும் ஆஸ்லோ வழியாகவே போய்த் திரும்ப வேண்டும் என்பதால் இரண்டு நுழைவு தேவை. கிரீன்லாந்தும் பாரோ தீவுகளும் டென்மார்க்கைச் சேர்ந்தவை, ஷெங்கனில் இல்லை. அங்கே செல்லும் என்று விசாவில் தனியாக எழுதித் தந்திருக்க வேண்டும். போரா போரா இருக்கும் பிரெஞ்சு பாலினீசியாவும் ஷெங்கனுக்கு வெளியேதான். பிரான்சுக்கு விசா இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு போய்விட முடியாது.

அடிக்கடி போகும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு பல நுழைவு விசாவும், அதன் பிறகு ஐந்து ஆண்டு விசாவும் தர வழி செய்தார்கள். பாஸ்போர்ட்டில் அத்தனை ஆண்டு மீதி இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு விசா ஆனாலும், எந்த 180 நாளை எடுத்தாலும் உள்ளே இருந்தது 90-ஐத் தாண்டக் கூடாது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய எல்லைப் பதிவு முறையில் முத்திரைக்குப் பதில் முகப்படமும் கணினிப் பதிவும். மங்கிய முத்திரையை வைத்து நாள் கணக்குப் போட்ட காலம் முடிகிறது.

பிரிட்டன் தனி உலகம். சாதாரண விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை இருக்கலாம். இரண்டு, ஐந்து, பத்து ஆண்டு விசாவும் உண்டு. லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் போகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரெஞ்சு எல்லைச் சோதனை லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே முடிந்துவிடும். ஷெங்கன் விசா தொடங்கும் தேதி நாளைக்கு என்றால் இன்றைய ரயிலில் ஏற முடியாது. அயர்லாந்தைச் சேர்ப்பவருக்கு 2015-ல் இந்தியர்களுக்கும் வந்த பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டுத் திட்டம் உதவும். விசாவில் அந்தத் திட்டத்தின் குறிப்பு இருந்தால் ஒன்றை வைத்தே இரண்டு நாட்டுக்கும் போகலாம், முதலில் விசா தந்த நாட்டுக்குப் போயாக வேண்டும்.

அமெரிக்க விசா வாங்குவது மற்ற எல்லாவற்றையும் விடச் சிரமம். நேர்காணலுக்குக் காத்திருக்கும் காலம் சில சமயம் பல மாதங்கள் போகும். 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் கிடைத்தால் பொதுவாகப் பத்து ஆண்டு. அதை வைத்து வேறு கதவுகளும் திறக்கும். மெக்சிகோ தனி விசா கேட்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இறங்கியதும் 14 நாள் விசா. துருக்கிக்கு இ-விசா. அர்ஜென்டினாவிலும் சலுகை உண்டு. பல நாடு சுற்ற நினைக்கும் குடும்பம் இந்த ஒன்றை முதலில் வாங்கி வைப்பது நல்ல முதலீடு. பாஸ்போர்ட் காலாவதியானால் விசா உள்ள பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் சேர்த்து எடுத்துப்போகலாம்.

கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரிக்கு விசா சுலபம். மற்ற காகிதங்கள்தான் கவனம் கேட்கும். கென்யா 2024 ஜனவரியில் விசாவையே எடுத்துவிட்டு, 30 டாலருக்கு இணைய அனுமதி என்று மாற்றியது. ருவாண்டா, காமன்வெல்த் நாட்டவர் என்ற வகையில் இந்தியர்களுக்கு இறங்கியதும் 30 நாள் கட்டணமில்லாமல் தருகிறது. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றையும் சுற்ற 100 டாலருக்கு 90 நாள் கூட்டு விசா இருக்கிறது, எந்த நாடு தந்ததோ அங்கேதான் முதலில் நுழைய வேண்டும். டான்சானியா இதில் சேராது. மசாய் மாராவிலிருந்து செரெங்கெட்டிக்கு எல்லை தாண்டினால் அந்தக் கூட்டு விசா அதோடு முடிந்தது. கடைசியில் சான்சிபார் கடற்கரையில் ஓய்வு என்றால், 2024 அக்டோபர் முதல் அங்கே 44 டாலர் காப்பீடு கட்டாயம். கையில் வேறு காப்பீடு இருந்தாலும் இதையும் எடுக்க வேண்டும்.

கொரில்லா பார்க்கும் அனுமதிச் சீட்டு பாஸ்போர்ட் விவரத்தோடு வழங்கப்படுவது. ருவாண்டாவில் ஒருவருக்கு 1,500 டாலர், உகாண்டாவில் 800. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. இந்தப் பயணத்தில் தேதியை முடிவு செய்வது ஓட்டல் அல்ல, இந்தச் சீட்டுதான். சீட்டு வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண்ணை மாற்றி எழுதி வாங்க மறக்கக் கூடாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உகாண்டா வாசலிலேயே சான்றிதழ் கேட்கும். ஆனால் மிகக் கடுமையான சோதனை காத்திருப்பது திரும்பி வரும்போது, சொந்த நாட்டில். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்தால் இந்திய விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016-லிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அவற்றில் ஒன்று. மஞ்சள் அட்டையில் பாஸ்போர்ட் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே, கவுண்டரை விட்டு நகரும் முன் பார்த்துவிட வேண்டும்.

தீவுகள் எளிது. மாலத்தீவு எல்லா நாட்டவருக்கும் இறங்கியதும் 30 நாள் இலவச அனுமதி தருகிறது. உறுதியான ஓட்டல் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் வேண்டும். மதுவும் வழிபாட்டுச் சிலைகளும் கொண்டுபோகக் கூடாது. திரும்பும்போது கட்டும் விமான நிலைய வரி டிக்கெட் வகுப்பைப் பொறுத்து ஏறும், தனி விமானத்துக்குத்தான் மிக அதிகம். மொரீஷியஸுக்கு விசா வேண்டாம். செஷல்ஸுக்கும் வேண்டாம், முன்கூட்டியே இணைய அனுமதி மட்டும் வாங்க வேண்டும். பூட்டானில் இந்தியர்களுக்கு விசா இல்லை, அனுமதிச் சீட்டும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணமும் உண்டு (மற்ற நாட்டவருக்கு 100 டாலர்). அங்கே பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டைதான் செல்லும். ஆதார் செல்லாது.

அண்டார்க்டிகாவுக்கு விசாவே கிடையாது. 1959-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அங்கே போவதற்கான அனுமதியை வாங்குவது கப்பல் நடத்துபவரின் பொறுப்பு. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது, ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. பயணிக்குத் தேவைப்படுவது, கப்பல் புறப்படும் உசுவையாவுக்காக அர்ஜென்டினாவுக்குள் நுழையவும், பயணம் முடிந்து மறுபடி நுழையவும் உரிமை.

தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு அதிகம் வரும் பிரச்சினை ஒன்று பாக்கி. குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் முதல் பெயர் இல்லை என்று ஒரு குறிப்புச் சேர்ந்துவிடும். பயண டிக்கெட்டில் பெயர் வேறு மாதிரி இருந்தால் கவுண்டரில் நிறுத்துவார்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் மூன்று கடைசிப் பெயர் இருக்கும் குடும்பம் நமக்குச் சாதாரணம், எல்லை அதிகாரிக்குப் புதிர். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம், மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே பெயரை இரண்டாகப் பிரித்துப் பதிந்துவிடுவது, அடிக்கடி பறப்பவர்களுக்கு நிரந்தரத் தீர்வு.

புறப்படும் நாளில் முதல் சோதனை இமிகிரேஷனில் இல்லை, விமான நிறுவனத்தின் கவுண்டரில். அங்கே 'டிமாட்டிக்' என்ற தகவல் தொகுப்பைத் திறந்து, பாஸ்போர்ட், போகும் நாடு, இடையில் மாறும் நாடு மூன்றையும் ஒப்பிடுகிறார்கள். விசா இல்லாதவரை ஏற்றினால் அபராதமும், திருப்பி அழைத்துவரும் செலவும் நிறுவனத்துக்கு. அதனால்தான் முதல் வகுப்புப் பயணியானாலும் அங்கே தளர்வு கிடையாது. ஜப்பானின் இ-விசாவைக் கைபேசியில் நேரடி இணைப்பில் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டும் அச்சுப் பிரதியும் ஏற்க மாட்டார்கள். சார்ஜும் டேட்டாவும் இருக்க வேண்டும்.

விசா தேவைப்பட்டாலும் இல்லாவிட்டாலும், சில நாடுகள் இப்போது வருகைப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் கேட்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், மாலத்தீவுக்கு 96 மணி நேரத்துக்குள். நான்கும் இலவசம். படிவத்துக்குப் பணம் கேட்கும் தளம் அந்த அரசின் தளம் அல்ல.